வழக்கறிஞரும் வாக்காளரும்

"வக்காலத்து" என்பது நீதிமன்றத்தில் ஒரு பத்திரத்தின் பெயர். "என் பொருட்டு இவர் பேசுவார்" என்று கட்சிக்காரர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதிகாரமே அது. ஆயின் வீட்டிலும் வீதியிலும் அச்சொல்லின் பொருள் வேறு. "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று ஒருவர் கேட்டால், அது வசையே தவிர வினாவன்று. பிறன் பொருட்டுப் பேச முன்வருவோனை ஐயத்தோடு நோக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இச்சொல்லே சான்று.

இவ்வசையை நாமும் ஒருமுறை கேட்டோம். எங்கள் இரயில்வே இலாகாவில் ஊழியர் ஒருவர்மீது குற்றச்சாட்டு வந்தால், விசாரணையில் தமக்குத் துணையாக மற்றோர் ஊழியரை அவர் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. "டிபென்ஸ் ஹெல்ப்பர்" என்று அவரை அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன், டிக்கட் கொடுக்கும் கவுண்டரில் பணம் குறைந்தது என்று குற்றம் சாட்டப்பெற்ற நண்பர் ஒருவருக்கு நாம் அவ்வாறு துணை நின்றோம். பணம் எடுத்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. கணக்கில் கவனக்குறைவு என்று சிறு தண்டனையோடு அது முடிந்தது. பின்னர், நாம் அக்காலத்தில் குடியிருந்த கட்டடத்தின் கூட்டுறவுச் சங்கத்தில் பொருளாளர் பொறுப்புக்கு நின்றபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, "கையாடல் செய்தவனுக்கு வக்காலத்து வாங்கியவரிடமா பெட்டிச் சாவியைக் கொடுப்பது?" என்றார். சபை சிரித்தது. நாம் தோற்றோம். தோல்வி மறந்துபோயிற்று, அவ்வினா மட்டும் மறக்கவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இம்மலரில் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

தமிழருக்கு இவ்வினா புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டது எதனால்? பொற்கொல்லன் சாட்டினான், மன்னன் ஆணையிட்டான், காவலர் வெட்டினர். இடையில் "இவன் தரப்பு என்ன?" என்று கேட்பார் ஒருவரும் இல்லை. கண்ணகி அரசவைக்கு வந்து வழக்குரைத்தது உண்மைதான். ஆனால் அவள் வந்தது கணவன் இறந்த பின்னர். மதுரைக்கு நேர்ந்த கேடு யாவும், உரைக்கப்பட வேண்டிய நேரத்தில் ஒரு வழக்கு உரைக்கப்படாமையால் விளைந்தது அன்றோ?

இனி நம் பம்பாய்க்கு வருவோம். இந்நகரின் உயர்நீதிமன்றத்தில் லோகமான்ய திலகர்மீது அரசநிந்தனை வழக்குகள் நடந்தன. 1897ஆம் ஆண்டு வழக்கில் அவருக்கு ஜாமீன் கேட்டு வாதாடியவர் தின்ஷா தாவர் என்னும் பாரிஸ்டர். அதே தாவர் 1908இல் நீதிபதியாக அமர்ந்து, அதே திலகருக்கு ஆறு ஆண்டு நாடுகடத்தும் தண்டனை விதித்து மாந்தளைக்கு அனுப்பினார்! அவ்வாண்டு திலகருக்கு ஜாமீன் கேட்டுத் தோற்ற முகம்மது அலி ஜின்னா, 1916இல் மற்றொரு வழக்கில் அவருக்காக வாதாடி வென்றார். இதனால் தாவர் ஒரு காலத்தில் தேசபக்தராக இருந்தார் என்றோ, ஜின்னா திலகரின் கொள்கை அனைத்தையும் ஏற்றார் என்றோ எவரும் முடிவு கட்டுவதில்லை. வழக்கறிஞரின் கட்சிக்காரர் வேறு, வழக்கறிஞர் வேறு என்பதை அக்கால வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

சுதந்திர இந்தியாவில் இவ்வாதம் தேர்தல் மேடைக்கு ஏறியது. அதன் நடுவில் பல்லாண்டுகள் நின்றவர் ராம் ஜெத்மலானி. 1923இல் சிந்து மாகாணத்துச் சிகார்பூரில் பிறந்து, பதினேழு வயதிலேயே சட்டப் பட்டம் பெற்று, பிரிவினைக்குப் பின் அகதியாகப் பம்பாய் வந்து சேர்ந்தவர் அவர். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர் எனலாம். அறுபதுகளில் தங்கக் கடத்தல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பெற்றோருக்காக அவர் வாதாடினார். "கடத்தல்காரர்களின் வக்கீல்" என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தாம் செய்வது வழக்கறிஞர் கடமையே என்பது அவர் விடை.

1975இல் நெருக்கடி நிலை வந்தது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்த ஜெத்மலானி அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அவரைப் பிடிக்க வாரண்டு பிறந்தபோது, நானி பல்கிவாலா தலைமையில் முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர் சார்பில் நின்றனர். அதுவரை பிறருக்கு வக்காலத்து வாங்கியவருக்கு அன்று முந்நூறு பேர் வக்காலத்து வாங்கினர்! 1976 ஏப்ரலில், நெருக்கடிக் காலத்தில் காவலில் உள்ளோர் ஆட்கொணர்வு மனு மூலம் நிவாரணம் கேட்க இயலாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், அவர் வெளிநாட்டில் தங்க நேர்ந்தது. 1977 பொதுத்தேர்தலில் பம்பாய் வடமேற்குத் தொகுதியில் அவர் வேட்பாளரானார். எதிர்த்து நின்றவர் அந்நாள் சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே. சட்ட அமைச்சர் தோற்றார். கடத்தல்காரர்களின் வக்கீல் என்று ஏசப்பட்டவர் வென்றார். சிறைக்கதவு யாருக்கும் திறக்கலாம் என்று கண்டுகொண்ட வாக்காளர்கள், வழக்கறிஞரின் தேவையை அவ்வாண்டு நன்கு உணர்ந்திருந்தனர் என்றே நாம் கருதுகிறோம். 1980இல் மீண்டும் வென்ற அவர், 1984இல் அதே தொகுதியில் நடிகர் சுனில் தத்திடம் தோற்றார்.

பெருஞ்சோதனை அதன் பின்னர் வந்தது. பிரதமர் இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட மூவருள் இருவரான கேஹர் சிங், பல்பீர் சிங் ஆகியோருக்காக ஜெத்மலானி மேல்முறையீட்டில் வாதாட முன்வந்தார். நாடு கொதித்தது. அவர் சார்ந்திருந்த பாரதீய ஜனதாக் கட்சியிலும் எதிர்ப்பு எழுந்தது. அவர் வழக்கை விடவில்லை, கட்சியை விட்டார். முடிவு என்ன? 1988 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், டில்லிப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரான பல்பீர் சிங்மீது போதிய சான்று இல்லையென்று அவரை விடுதலை செய்தது. மற்ற இருவரும் 1989 ஜனவரி 6 அன்று தூக்கிலிடப்பட்டனர். ஜெத்மலானி வாதாடாது ஒதுங்கியிருந்தால், தேர்தல் மேடையில் அவருக்கு ஏச்சு குறைந்திருக்கும். பல்பீர் சிங்கின் கதி என்னவாகியிருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கட்டும். கட்சிகளும் காலப்போக்கில் அவரை ஏற்றன. 1988இல் மாநிலங்களவை உறுப்பினரான அவர், பின்னர் வாஜ்பாய் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகவும் இருந்தார்.

இவ்விடத்தில் தமிழராகிய நம் மனத்தையும் சற்றுத் தராசில் வைத்துப் பார்த்தல் தகும். 2011 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டபோது, சென்னை உயர்நீதிமன்றத்தில் தோன்றித் தடையாணை பெற வாதாடியவர்களுள் முதியவரான இந்த ஜெத்மலானியும் ஒருவர். 2014இல் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இந்திரா காந்தி வழக்கில் அவரைத் தூற்றிய சிலர், இவ்வழக்கில் அவரைப் போற்றியதை நாம் அறிவோம். நம்மவருக்குப் பேசினால் அறம், பிறருக்குப் பேசினால் பாவம் என்பது தராசாகுமா?

அதே ராஜீவ் காந்தி வழக்கின் தொடக்கத்தை எண்ணுங்கள். 1998 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது; மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; நால்வருக்கே தூக்கை உறுதி செய்தது. எவரும் வாதாட வராதிருந்தால் அப்பத்தொன்பது உயிர்களுக்கு யார் பொறுப்பு?

"இவையெல்லாம் ஏட்டில் எழுத நன்றாயிருக்கும், நம் வீட்டுக்குள் தீ வந்தால் தெரியும்" என்று கூறுவாரும் உளர். தீ நம் வீட்டுக்குள்ளும் வந்தது. 2008 நவம்பர் 26 இரவு, சத்ரபதி சிவாஜி நிலையத்தில் பயணிகள்மீது சுட்டார்கள். அன்று நாம் வேலை முடிந்து அந்நிலையத்திலிருந்து வண்டியேறி ஒரு மணி நேரமே ஆகியிருந்தது. அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஒலிபெருக்கியில் மக்களை எச்சரித்துப் பலரைக் காத்தார். அத்தாக்குதல்களில் நகரெங்கும் இறந்தோர் 166 பேர். பிடிபட்ட கசாப்புக்கு வாதாட மாட்டோம் என்று மும்பை வழக்கறிஞர் அமைப்பொன்று தீர்மானித்தபோது, நாமும் கைதட்டினோம், மறைக்க விரும்பவில்லை. 2009இல் நீதிமன்றம் நியமித்த அஞ்சலி வாக்மாரே என்னும் அம்மையாரின் வீட்டுக்கு முன் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அதற்கும் நாம் வருந்தவில்லை.

பின்னரே எங்கள் கண் திறந்தது. அதே வழக்கில் பஹீம் அன்சாரி, சபாவுதீன் அகமது என்னும் இரு இந்தியர்களும் நிறுத்தப்பட்டிருந்தனர். அன்சாரிக்காக வாதாடி வந்த இளம் வழக்கறிஞர் சாகித் ஆஸ்மி, 2010 பிப்ரவரியில் குர்லாவில் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் விசாரணை நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 2012இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. உயிர் கொடுத்தவர் காணாத தீர்ப்பு அது! கசாப்புக்கு உச்சநீதிமன்றத்தில் வாதாட நியமிக்கப்பட்டவர் ராஜு ராமச்சந்திரன். அவர் வாதாடினார், கசாப்பின் தண்டனை மாறவில்லை. எதிர்வாதம் முழுவதையும் கேட்ட பின்னரும் நின்ற தீர்ப்பு என்பதனாலேயே அதனை உலகில் எவரும் குறைகூற இயலவில்லை. குற்றவாளியைத் தப்புவிப்பது மட்டுமே எதிர்வழக்கறிஞர் தொழில் என்று எண்ணியிருந்தோம். குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்துக் காட்ட நீதிமன்றத்துக்குத் துணை நிற்பதே அத்தொழில் என்று உணர்ந்தோம்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அவ்வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய உஜ்வல் நிகம், 2024இல் மும்பை வடமத்தியத் தொகுதியில் பாரதீய ஜனதாக் கட்சி வேட்பாளராக நின்றார். அவர் வழக்கு நடத்திய விதமே தேர்தல் வாதமாயிற்று. தாராவியின் சட்டமன்ற உறுப்பினராக நெடுங்காலம் இருந்த வர்ஷா கெய்க்வாடிடம் அவர் தோற்றார். 2025இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். தற்காத்தவரையும் ஏசுகிறோம், குற்றம் சாட்டியவரையும் ஏசுகிறோம் என்றால், கறுப்பு அங்கி அணிந்தவர் எவரும் வேட்பாளராக முடியாது போலும்!

சட்டம் என்ன சொல்கிறது? கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. குற்றம் பற்றித் தம் சொந்த எண்ணம் யாதாயினும், குற்றம் சாட்டப்பெற்றவரைத் தற்காத்தல் வழக்கறிஞர் கடன் என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் கூறுகின்றன. நம் கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டபோது, போலீசாருக்கு எவரும் வாதாடலாகாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று 2010 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1770இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு ஐவர் இறந்தனர். ஊரே பகைத்த அச்சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். தளபதியும் ஆறு சிப்பாய்களும் விடுதலையாயினர். இருவர் கொலையல்லாத மரணக் குற்றத்துக்கே ஆளாயினர். அந்த ஆடம்ஸ் 1797இல் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானார்.

இவ்வளவு கூறியதால், வழக்கறிஞர் வேட்பாளரைக் கேள்வியே கேட்கலாகாது என்பது நம் கருத்தன்று. தாராளமாகக் கேட்கலாம். சாட்சியைக் கலைத்தாரா? பொய்யென்று அறிந்த பத்திரத்தை நீட்டினாரா? ஏழையின் வழக்கைப் பணமில்லையென்று கைவிட்டாரா? பதவியில் அமர்ந்தபின் பழைய கட்சிக்காரருக்குச் சலுகை காட்டினாரா? இவை நேர்மையான வினாக்கள், வாக்காளரின் உரிமையும்கூட. "யாருக்காக வாதாடினாய்?" என்பது மட்டும் இவற்றோடு சேராத வினா. வைத்தியர் எந்த நோயாளியைத் தொட்டார் என்று கேட்டு அவரை ஒதுக்குவோமா?

ஊரை விட்டு வந்து, பிறமொழி பேசும் நகரில் வாழும் நமக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. போலீஸ் நிலையத்தில் நம் பிள்ளை ஒருவன் தவறாகப் பிடித்து வைக்கப்பட்டால், மொழி தெரியாத அவன் தாய் முதலில் தேடுவது யாரை? அவனுக்காகப் பேச வருபவரையே. அவரைப் பின்னொரு நாள் மேடையில் நிறுத்தி ஏசுவோமாயின், அடுத்த முறை வருவதற்கு ஆள் இராது.

எமது பழைய குடியிருப்பில் அன்று சிரித்த சபைமீது நமக்கு வருத்தமில்லை. கசாப் வழக்கில் நாமே கைதட்டியவர்கள் அன்றோ? ஆயின் இவ்வாண்டு நம் கோபர்கைரனே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில், அது பாராளுமன்றத்துக்காயினும் கட்டடத்துப் பொருளாளர் பதவிக்காயினும், "இவர் இன்னாருக்கு வக்காலத்து வாங்கியவர்" என்று யாரேனும் சொன்னால், உடனே சிரித்துவிடாதீர்கள். "அதனை எவ்வாறு செய்தார்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். கோவலனுக்காக மதுரையில் எவரும் கேட்காத வார்த்தையும் அத்தகையதே.