பீப்பாய் குடித்தது போக

கென்டக்கியில் புதிதாக வடித்து இறக்கிய போர்பன் விஸ்கி பார்வைக்குத் தண்ணீர்தான். 'வெள்ளை நாய்' என்பார்கள். வேகவைத்த மக்காச்சோள வாசம், தொண்டையில் ஒரு கடி, அவ்வளவே. நிறமும் முக்கால்வாசி மணமும் இனி மரம் தர வேண்டியவை.

தருவது புது ஓக் பீப்பாய். ஒருமுறை போர்பன் ஊறியதில் மறுபடி போர்பன் ஊறக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். பலகைகளை வளைத்து வளையம் பூட்டி, உள்ளே தீயைக் காட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் உட்புறம் முதலைத் தோலாக வெடித்துக் கரியாகும். கரிக்குப் பின்னால் மரத்தின் சர்க்கரை பாகாகச் சிவந்து நிற்கும். சுமார் 200 லிட்டர் சரக்கு, ஆல்கஹால் 62.5 சதவீதத்துக்கு மிகாமல், இதற்குள் இறங்குகிறது.

பிறகு பீப்பாய் பெரும்பாலும் அசைவதில்லை. உள்ளே இருப்பதுதான் நடமாடுகிறது. கோடையில் விரிந்து பலகைக்குள் புகும், குளிரில் சுருங்கித் திரும்பும். வரும்போது வெனிலாவையும், ஓக்கின் லாக்டோன் தரும் கொப்பரை வாசத்தையும் கொண்டுவரும். கூடவே கொஞ்சம் ஆவியாகிவிடும். அது தேவதைகளின் பங்காம். 15 ஆண்டு தாண்டிய பீப்பாயில் பாதிக்கு மேல் காணாமல் போவது சகஜம். கிடங்கின் சூடான மேல்தளத்தில் தண்ணீர் முந்திக்கொண்டு போவதால், மிஞ்சியதன் வீரியம் ஏறிவிடும்.

முதிர்ந்ததா என்று பார்க்க, பீப்பாயின் பக்கவாட்டு அடைப்பைப் பிடுங்கி நீண்ட குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்தக் குழாயின் பெயர் 'திருடன்'. அடி அகன்று வாய் குறுகிய கோப்பையில் ஊற்றி, வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி மூக்கைத் தாக்கும். முதல் மிடறு நாக்கைப் பழக்க. தீர்ப்பு இரண்டாவதில். போர்பன் தயாரிப்பாளர் ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ அதைச் சோறு மாதிரி மென்று காட்டுவது வழக்கமாக இருந்தது; 'கென்டக்கி மெல்லல்' என்றே பெயராகிவிட்டது. சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால், ஒளிந்திருந்த வாசனை மேலே வரும்.

வயது கூடக் கூட மதிப்பும் கூடும் என்ற நம்பிக்கையில் விலை எகிறுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிகம் ஊறியது, தூளை வடிகட்ட மறந்த தேநீர் மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். ஈறு வறளும், பலகையைக் கடித்தது போலிருக்கும். விழுங்கிய பிறகும் சோளத்தின் இனிப்பு எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்றுதான் நான் தேடுவேன். 8, 10 ஆண்டுச் சரக்கில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பீப்பாயைக் காலி செய்த பின்னும் பலகைக்குள் சில லிட்டர் தங்கிவிடும். அதைச் சுமந்தபடியே காலிப் பீப்பாய்களில் பல ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. சில லூசியானாவின் ஏவரி தீவுக்குப் போகின்றன. அங்கே டபாஸ்கோ சாஸுக்கான மிளகாய் விழுது மூன்று ஆண்டு வரை அவற்றில் கிடந்து புளிக்கிறது.