கம்பளி மழித்த கத்தி புல்லுக்கு வந்த கதை

பகவான் ரமணர் அருணாசல மலையில் தங்கியிருந்த காலத்தில், புல்லுக்கட்டோடு இறங்கும் பெண்கள் தாகத்துக்கு அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரே பின்னாளில் அதைப் பிரியமாகச் சொல்லியிருக்கிறார். கையில் அரிவாள், தலையில் கட்டு, வீட்டில் மாடு: நம் ஊரில் புல் அறுப்பதென்றால் இதுதான். தின்ன மாடு இல்லாத இடத்தில், தரை அழகுக்காக மட்டுமே புல் வெட்டும் இயந்திரம் இங்கிலாந்தில் பிறந்தது.

பிறந்த இடம் தோட்டமல்ல, துணி ஆலை! ஸ்ட்ரவுட் வட்டாரம் சிப்பாய்களின் சிவப்புக் கம்பளிக்குப் பேர்போனது. துணியின்மேல் சிலிர்த்து நிற்கும் மயிரைச் சுழலும் கத்திகளால் மழிக்கும் இயந்திரங்கள் அங்கே ஓடின. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அந்த யுக்தியைப் புல்லுக்குத் திருப்பி, 1830-ல் காப்புரிமை வாங்கினார். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இரவில்தான் ஓட்டிப் பார்த்தாராம்.

வேலை செய்யும் விதம் அழகு. பின்னாலுள்ள இரும்பு உருளை தரையில் உருள, பற்சக்கரங்கள் கத்தி உருளையை அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழற்றும். முறுக்கி வளைத்த கத்திகள் கீழேயுள்ள அசையாத கத்தியை உரசிப் போகும்போது, நடுவில் சிக்கும் புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் அறுபடும். நீள்பிடி அரிவாளுக்குப் பனி ஈரம் வேண்டும், அதனால் தோட்டக்காரர்கள் விடியலிலேயே இறங்குவார்கள். இதற்கு ஈரமே வேண்டாம். பாரம்தான் அதிகம்: ஒருவர் தள்ள, இன்னொருவர் முன்னால் இழுக்க வேண்டியிருந்தது.

1832-ல் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1842-ல் ஷாங்க்ஸ் என்பவர் அதில் மட்டக்குதிரையைப் பூட்டினார். குளம்பு பதியாமலிருக்க அதற்குத் தோல் காலணி. 1859-ல் லீட்ஸ் நகரத் தாமஸ் கிரீன் பற்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி போட்டுச் சத்தத்தைக் குறைத்தார். 1870-களில் டென்னிஸ் பரவ, சாதாரண வீடுகளுக்கும் புல்தரை ஆசை தொற்றியது. சங்கிலியையும் டென்னிஸையும் பார்க்காமல் 1846-லேயே பட்டிங் இறந்துவிட்டார்.

அதே 1846-ல்தான் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் உருவானது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்தார். வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் புல்தரையும் கூடவே போனது. இந்தியாவில் அதை வெட்டும் இயந்திரத்தைப் பல இடங்களில் மாடு இழுத்தது. தாஜ்மகால் தோட்டத்து மாடுகளைப் பழைய புகைப்படங்களில் இன்றும் பார்க்கலாம்.

அருணாசலத்தின் பாறைச் சரிவில் அந்த இயந்திரம் உருளாது. அங்கே ஆளுயரத்துக்கு வளரும் புல் கோடையில் காய்ந்து தீப்பிடிக்கும். தீ பரவாமலிருக்க மலையில் தீத்தடுப்புப் பாதையை ஆட்கள்தான் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். மலைக்குப் போகிறவர்கள் அணையாத பீடியையோ எரியும் சூடத்தையோ அந்தப் புல்லருகே விட்டுவிட்டு வராதீர்கள்.