பெரட்டுக்களமும் பள்ளிக்கூடமும்

தோட்டப் பிள்ளைகள் ஏன் ஒழுங்காகப் பாடசாலைக்கு வருவதில்லை என்று கேட்டால், ஒரு நூற்றாண்டாக ஒரே பதில்தான் தயாராக இருந்திருக்கிறது: தாய் தகப்பனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை. தோட்டத்தை நடத்திய துரைமார் இதைச் சொன்னார்கள், அதிகாரிகள் சொன்னார்கள், நகரத்துப் படித்தவர்களும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் நுவரெலியா, ஹட்டன் முதலான இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்திய சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. ஒரு பிள்ளை ஒரு நாள் வகுப்பில் இருக்குமா இருக்காதா என்பதைப் பள்ளி வரவு இடாப்பு தீர்மானிக்கவில்லை. அன்றன்று வேலை செய்தவர்களின் பேரைப் பதியும் தோட்டத்துச் செக்ரோல் தீர்மானித்தது. செக்ரோலைச் சட்டம் பெரும்பாலும் தொடாமலே விட்டது.

1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் வேலை செய்வோரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தருவதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. பள்ளியறை ஒதுக்க வேண்டியவரும் அவரே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் தொழிலாளரைக் கூட்டி, ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற நிர்வாகமும் அவருடையதே. பிள்ளையின் உழைப்பால் இலாபம் காண்கிறவரையே அந்தப் பிள்ளையின் வரவுக்குக் காவலாக வைத்தார்கள். 1920இல் வந்த சட்டம் இந்தச் சிக்கலைத் தொட்டது, தொட்ட விதம்தான் விநோதம்: பள்ளி வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அப்படியானால் 10 மணிக்குப் பிறகு? இடாப்பில் வரவு விழுந்த அதே பிள்ளைக்கு அன்றே செக்ரோலிலும் பேர் விழ வழி இருந்தது. இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்றிருந்த முறைக்கு 1918இலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் முடிவு கட்டியிருந்தது. அங்கே கழித்துக் கட்டியது இங்கே சீர்திருத்தமாக வந்து இறங்கியது.

பிறகு 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 10 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதை அது தடுத்தது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. அதன்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் கூலி பெண்ணின் கூலியில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பள்ளி 10 வயதில் முடிகிறது, கூலி 10 வயதில் தொடங்குகிறது. இடையில் ஒரு நாள் இடைவெளிகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தவர்கள் அல்லர்.

பெற்றோர் விரும்பித்தானே பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினார்கள் என்று கேட்கலாம். அனுப்பினார்கள், உண்மைதான். இரண்டு பெரியவர்களின் கூலி 97 சதமாக இருக்கும் வீட்டில் இன்னொரு 32 சதம் என்பது அரிசியும் மாவும். வேலைக்குப் போகாத பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. தாய் கொழுந்துக்கூடையோடு போய்விட்டால் கைக்குழந்தையை அக்காதான் தூக்கி வைத்திருக்க வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஒழுங்காக நடந்த தோட்டத்தில் அவள் பள்ளிக்குப் போக முடிந்தது, நடக்காத இடத்தில் முடியவில்லை. இதில் அக்கறையை எங்கே அளப்பது? பள்ளிதான் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதும் கேள்வியே. பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் தரத்தோடு முற்றுப்புள்ளி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இரண்டு முறையும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தோடேயே விடப்பட்டன.

பழைய பதிலுக்கு வலுவான மறுப்பு அதற்குப் பின் நடந்ததுதான். 1977க்குப் பிறகு தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. சுவீடன் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன, அதே லயங்களில் பிறந்த இளைஞர்கள் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பெற்றோரின் மனம் ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறியது என்று வாதிடுவதைவிட, கதவு திறந்ததும் உள்ளே வந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

கட்டாயக் கல்வி விதிகள் 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை நடைமுறைக்கு வந்தன. 2016இல் மேல்வயது 16 ஆனது. பொறுப்பு இப்போது முழுக்கப் பெற்றோர் தலையில். பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் அதிபர் பெற்றோரைக் கடிதம் மூலம் அழைத்துக் காரணம் கேட்பார். மாதச் சம்பளக்காரருக்கு அது அரை நாள் லீவு. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலிக்கான பதிவு, போய்விடும், அல்லது பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேராகும். வராததற்கு விளக்கம் சொல்லப் போவதற்கே கூலியில் வெட்டு. 1907இல் கடமையைத் துரை மேல் வைத்தது அரைகுறை ஏற்பாடுதான், ஆனாலும் வேலை நேரத்துக்கும் வரவுக்கும் தொடர்புண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது. இன்று பெற்றோருக்குப் போகும் அந்த அழைப்புக் கடிதத்தின் ஒரு பிரதியைத் தோட்டக் காரியாலயத்துக்கும் அனுப்பி, தாய் பள்ளிக்கு வரும் நாளுக்கு முழுப்பேர் போடச் சொல்வதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.