தளபதிக்கு இரண்டு பிறந்த ஆண்டு

நான் வங்கியில் கிளார்க்காக இருந்த நாட்களில், இரண்டு லெட்ஜர்கள் டேலி ஆகாவிட்டால் அன்று மாலை வீட்டுக்குக் கிளம்ப முடியாது. நம் ராணுவத்திலோ இரண்டு பிரிவுகளின் பதிவேடுகள் பல ஆண்டுகள் டேலி ஆகாமலே இருந்தன.

ஜெனரல் வி.கே.சிங் 1965இல் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் பிறந்த ஆண்டு 1950 என்று இருந்தது. பள்ளிச் சான்றிதழிலோ 1951. ராணுவத் தலைமையகத்தில் அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவு 1951 என்றும், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி பிரிவு 1950 என்றும் வைத்திருந்தன. 2010இல் அவர் தரைப்படைத் தளபதியானார். ஓய்வு நெருங்கியபோது அந்த ஓராண்டு பெரிய விவகாரமாயிற்று. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போனார். 1950 என்ற அரசின் முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். மே 31 அன்று ஓய்வு பெற்றார்.

தளபதிக்கே இப்படி என்றால் சிப்பாய் குடும்பத்தின் கதி? ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று, கணவரை இழந்த பெண்கள் கவுண்டரில் வந்து நிற்பார்கள். அதை வங்கி திருத்த முடியாது. படைப்பிரிவின் பதிவு அலுவலகம்தான் திருத்த வேண்டும்.

நம் குடியிருப்பில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் மூன்றையும் அருகருகே வைத்து, உங்கள் பெயர், மனைவி பெயர், பிறந்த தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். கையெழுத்துப் போட நாம் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது.