இடுப்பு நாடாவில் ஒரு பெயர்: சார்ல்ஸ் வொர்த்தும் உயர்தையலின் தொடக்கமும்

விக்டோரியா காலத்துக் கவுன்களின் வெளித்தோற்றத்தையே அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. மேற்சட்டையின் உட்புறத்தை விரித்துப் பார்த்தால், இடுப்போடு இறுக்கிப் பிடிப்பதற்கான நாடா ஒன்று தைக்கப்பட்டிருப்பது தெரியும். வொர்த் நிறுவனத்தின் ஆடையாக இருந்தால் அந்த நாடாவில் பெயரும் பாரிஸ் முகவரியும் இருக்கும். தொடக்கத்தில் பொன்னெழுத்தில் அச்சிட்டார்கள். பிறகு பெயரை நாடாவிலேயே நெய்தார்கள். உடுத்தியவளும் உடுத்திவிட்ட பணிப்பெண்ணும் தவிர வேறு எவர் கண்ணிலும் படாத இடம் அது. ‘ஓத் கூத்யூர்’ எனப்படும் உயர்தையலின் பிறப்பை விளக்க, ஆடையின் அலங்காரத்தைவிட இந்த நாடாவே சிறந்த சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

துணிக்கடையும் தையலறையும்

வொர்த்துக்கு முன்னரே மரீ அந்துவானெத் அரசிக்கு உடை அலங்காரம் செய்த ரோஸ் பெர்த்தான் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றிருந்தார். எனவே தொடக்கம் அவரே என்று வாதிடலாம். ஆனால் பெர்த்தானின் தொழில் அடிப்படையில் அலங்காரச் சரக்கு வணிகம். ஆடையின் வெட்டைத் தீர்மானிப்பது அத்தொழிலின் மையமாக இருக்கவில்லை. பெண்களுக்கான ஆடைகளைத் தைக்கும் உரிமையைத் தையல்பெண்களின் சங்கம் 1675இல் பெற்றிருந்தாலும், துணி விற்பனை வணிகர்களிடமே இருந்தது. ஒரு கடையில் துணி எடுத்து, இன்னோர் இடத்தில் தைக்கக் கொடுப்பதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வழக்கம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 1825இல் பிறந்த வொர்த், லண்டன் துணிக்கடைகளில் தொழில் பழகியவர். பாரிஸுக்குச் சென்று காஜெலின் நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அங்கே சால்வைகளைப் போர்த்திக் காட்டும் பணியில் இருந்த மரீ வெர்னேவுக்கு அவர் அமைத்த எளிய ஆடைகள், சால்வை வாங்க வந்தவர்களின் கண்ணை இழுத்தன. நிறுவனம் தையல் பிரிவையும் தொடங்கியது. மரீ பின்னர் அவருடைய மனைவியானார். துணியின் கனத்தையும் மடிப்பு விழும் விதத்தையும் கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றவர், 1858இல் சுவீடன் நாட்டுப் பங்குதாரர் ஓட்டோ பொபெர்க்குடன் ரூ த லா பே தெருவில் சொந்த நிறுவனம் திறந்தார்.

தனித்தன்மையும் மறுபயன்பாடும்

ஆஸ்திரியத் தூதரின் மனைவி பாலின் மெட்டர்னிக் வழியாக, 1860ஐ ஒட்டி வொர்த்தின் ஆடை பிரெஞ்சுப் பேரரசி யூஜீனியின் பார்வைக்கு வந்தது. அதன்பின் வாடிக்கையாளர் சொன்னபடி தைப்பது என்ற முறை தலைகீழாயிற்று. ஆடைகளை முன்கூட்டியே வடிவமைத்து, உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டி, தேர்ந்தெடுத்தவரின் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார். விலையில் துணிக்கும் கூலிக்கும் மேலாக அவரது ரசனைக்கும் பங்கு சேர்ந்தது.

இதைக் கலைஞனின் வெற்றி என்று மட்டும் படிப்பது போதாது. 1856இல், பாவாடையை விரித்துப் பிடிக்கும், எஃகு வளையங்களால் ஆன கிரினொலின் கூண்டு காப்புரிமை பெற்றது; அதே ஆண்டில் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பாவாடை விரிய விரிய லியோன் நகரத்துப் பட்டுக்குத் தேவை கூடியது. நீண்ட தையல்களை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வொர்த்தின் கூடத்தில் ஒரு சட்டைக்கை வடிவம் பல மேற்சட்டைகளோடும், ஒரு மேற்சட்டை பல பாவாடைகளோடும் பொருந்தும். ஒரே பாவாடைக்குப் பகலுக்கொன்றும் இரவு விருந்துக்கொன்றுமாக இரு மேற்சட்டைகள் தைப்பதும் உண்டு. உறுப்புகள் திரும்பத் திரும்பப் பயன்பட்டன, சேர்க்கைதான் புதிது. வெளிநாட்டுத் தையலகங்களுக்கு நகலெடுக்க மாதிரிகளும் விற்கப்பட்டன. உறுப்பும் வடிவமும் பெருகிய இச்சூழலில், ‘இது அசல்’ என்று உறுதி சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. நாடாவில் அச்சான பெயர் செய்த வேலை அதுவே. போலிப் பெயர்ப்பட்டிகள் பின்னாளில் புழங்கியதும் இதையே காட்டுகிறது.

பெயருக்குள் அடங்கிய கைகள்

ஒரு பெயர் முன்னே வந்தபோது பல கைகள் பின்னே போயின. 1863இல் லண்டனின் ஒரு தையலகத்தில், இளவரசியின் வரவேற்பு விருந்துக்கான ஆடைகளுக்காக இருபத்தாறு மணிநேரத்துக்கு மேல் இடைவிடாது உழைத்த மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் இறந்தாள். செய்தித்தாள்கள் எழுதின, மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் பதிந்தார். அவள் பெயர் நமக்குத் தெரிவது அவள் தைத்த கவுனால் அல்ல, சாவால்.

நெடுந்தொலைவில் இருந்த கைகளுக்கு 1903ஆம் ஆண்டின் டெல்லி தர்பார் சான்று. அங்கே வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி அணிந்த ‘மயில் கவுன்’ இன்று இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் உள்ளது. டெல்லிக் கைவினைஞர்கள் உலோக இழையால் மயில்தோகை போட்டு, அதன் கண்களில் பொன்வண்டின் பச்சை இறக்கை ஓடுகளைத் தைத்தார்கள். அந்தத் துணி பாரிஸுக்குப் போய் கவுனாயிற்று. வொர்த் 1895லேயே இறந்துவிட்டிருந்தார். நிறுவனத்தை மகன்கள் நடத்தினர். ஆயினும் அது வொர்த் கவுன் என்றே அறியப்படுகிறது. தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தைத்தவர்களைக் கடந்து, உயிரோடு இல்லாத ஒருவரின் பெயர் ஆடைக்கு உரிமை கோரியது.

ஆக, உயர்தையலின் தொடக்கம் வடிவமைப்பாளரின் பிறப்பு மட்டுமன்று; யாருடைய உழைப்புக்குப் பெயர் உண்டு, யாருடையதற்கு இல்லை என்ற பிரிவினையும் அங்கேதான் பிறந்தது. கவுனை உட்புறமாகத் திருப்பிப் படிக்கும் ஆய்வாளர், நாடாவில் உள்ள பெயரோடு அந்த நாடாவை மேற்சட்டையில் பிணைத்திருக்கும் கைத்தையலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.