நிக்கல் நெடுஞ்சாலை தந்த பாடம்

சாலையை மூடினால் முணுமுணுப்பவர்கள் 2004ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, சிங்கப்பூரில் பெருவிரைவு ரயிலின் வட்டப் பாதைக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்தது. நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்வாங்கியது. நால்வர் மாண்டனர், ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை.

எஃகுத் தாங்கிகளின் இணைப்புகள் மண்ணின் அழுத்தத்திற்கு ஈடுகொடுக்கும்படி வடிவமைக்கப்படவில்லை. தடுப்புச் சுவர் அளவு மீறி வளைந்தும் வேலை தொடர்ந்தது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து இது என்று 2005இல் விசாரணைக் குழு கூறியது.

டிசம்பர் 4ஆம் தேதி சாலை மீண்டும் திறக்கப்பட்டது. நிலையமோ ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிக் கட்டப்பட்டு, 2010இல்தான் திறக்கப்பட்டது.

ஏழரை மாதம் சுற்றிப் போனவர்கள் தாமதமாகவேனும் வீடு சேர்ந்தார்கள். அந்த நால்வர் சேரவில்லை. எச்சரிக்கை தெரிந்ததும் வேலையை நிறுத்துவது தாமதம் ஆகாது.