தாராவியின் இணைய வணிகம்

தாராவியின் இணைய வணிகம் என்பது மும்பையின் தாராவிப் பகுதியில் உருவாகும் தோல் பொருள்கள், ஆடைகள், மண்பாண்டங்கள் முதலியவை இணையச் சந்தைத் தளங்கள் வழியாக விற்கப்படுவதைக் குறிக்கும். 2014இல் இது பரவலாகக் கவனம் பெற்றது. வெளியூர் வாடிக்கையாளர்கள் எட்டும் தொலைவுக்கு வந்தபோதும், வரிப் பதிவும் முகவரிச் சான்றும் உள்ளவர்களுக்கே நேரடி விற்பனை எளிதாயிற்று.

பின்னணி

தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழர்களுக்கு நெடுநாள் பங்குண்டு. தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவின் குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்த பின்னும் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. சரக்கின் ஒரு பகுதி சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளில் விற்கும். மற்றது மொத்த வியாபாரிகள் கைமாறி, வேறு நிறுவனங்களின் பெயர் தாங்கிச் செல்லும்.

தளங்களின் வருகை

இந்தியாவின் தொடக்ககால இணையச் சந்தைகளில் ஒன்றான பாஸீ 2000இல் மும்பையில் தொடங்கியது. 2004இல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. பெங்களூரில் 2007இல் புத்தக விற்பனையுடன் தோன்றிய ஃபிளிப்கார்ட், 2010இல் பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. அட்டை இல்லாதவர்களும் இதனால் வாங்கத் தொடங்கினர். அமேசான் 2013 ஜூனில் இந்தியத் தளத்தைத் திறந்தது.

அந்நிய முதலீடு பெற்ற தளங்கள் சொந்தச் சரக்கை நுகர்வோருக்கு நேரடியாக விற்க இந்திய விதிகள் இடமளிக்கவில்லை. ஆகவே அவை சிறு விற்பனையாளர்களைத் தேடிச் சேர்த்தன. 2014இல் ஸ்னாப்டீல் என்ற தளம் தாராவிப் பொருள்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. இப்பொருள்களுக்கென்றே தாராவி மார்க்கெட் என்ற தளமும் உருவானது.

வரியும் முகவரியும்

2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் விற்றுமுதல் உள்ள சிறு வணிகருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் தளங்கள் வழியே பொருள் விற்போர் தொகை எதுவாயினும் பதிய வேண்டியிருந்தது. பதிவுக்கு வணிக இடத்திற்கான சான்று தேவை. வாய்மொழி வாடகையில் இயங்கும் பட்டறைக்கு இது கடினம். அத்தகையோரின் சரக்கு, பதிவு பெற்ற வியாபாரியின் கணக்கிலேயே தளத்தில் ஏறும். தளத்தின் கமிஷனும் திரும்பிவரும் பொருள்களின் செலவும் போக எஞ்சும் லாபம் அவருக்குச் சேரும். தைத்தவருக்குப் பேசிய கூலி மட்டுமே. 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. வெளிமாநில விற்பனைக்கு இல்லை.

கிடங்குகள்

மும்பை எல்லைக்குள் நுழையும் சரக்குக்கு 2017 வரை ஆக்ட்ராய் வரி இருந்தது. இது, எல்லைக்கு வெளியே நாசிக் நெடுஞ்சாலையை ஒட்டிய பிவண்டி பெரும் கிடங்கு மையமாக வளர்ந்ததற்கு ஒரு காரணம். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளுக்கு வரும் இணைய வணிகப் பார்சல்களில் பல இங்கிருந்து புறப்படுபவை.

மறுசீரமைப்பு

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் மகாராஷ்டிர அரசுக்கு 20 விழுக்காட்டுப் பங்கு உண்டு. எந்தப் பட்டறைகளுக்கு வணிக இடம் கிடைக்கும் என்பது இதில் முக்கியக் கேள்வி. சான்றுடன் கூடிய இடம் பெறும் பட்டறை தன் பெயரிலேயே தளங்களில் விற்கலாம். பெறாதது மொத்த வியாபாரியையே நம்பியிருக்க நேரும்.